நீல மாமா சாப்பிட்டாயா என்று கேட்கவில்லை

டாலிகஞ்ச் மெட்ரோ வாசலில் ஷேர் ஆட்டோ வரிசையில் நின்றுகொண்டிருந்தபோதுதான் அந்தச் செய்தி வந்தது. எனக்கு முன்னால் ஆறு பேர், பின்னால் மீன் பையோடு ஒரு பெரியவர். கைப்பேசியைத் திறந்தால் தமிழ் காமிக்ஸ் வாசகர் குழுவில் ஒரே ஒரு படம். கறுப்புப் பின்னணி, அதில் ஒரு நீல அங்கியின் நுனி மட்டும், கீழே "மீண்டும் வருகிறான்" என்று இரண்டே வார்த்தை. நான் கத்திவிட்டேன். ஐம்பத்து மூன்று வயது, வங்கியில் அதிகாரி, கழுத்தில் அடையாள அட்டை தொங்குகிறது, நடுத்தெருவில் நின்று கத்துகிறேன்.

"கீ ஹோலோ, தீதி?" என்ன ஆச்சு அக்கா என்று மீன் பைக்காரர் பதறிவிட்டார்.

ஒன்றுமில்லை, என் மாமா வருகிறார் என்று வங்காளத்தில் சொன்னேன். எங்கிருந்து என்று கேட்டார். மதராஸிலிருந்து என்றேன். ரொம்ப நாள் கழித்தா என்றார். முப்பத்தைந்து வருஷம் கழித்து என்றேன். அவர் என்னை ஏற இறங்கப் பார்த்துவிட்டு, வரிசையில் தனக்கு முன்னால் நான் இருந்தது போதாதென்று, ஆட்டோவில் ஓரத்து இடத்தையும் எனக்கே கொடுத்தார்.

நான் பொய் சொல்லவில்லை. அந்தப் படக்கதை நாயகனுக்கு அட்டையில் வேறு ஏதோ கம்பீரமான பெயர் இருந்தது. எங்கள் வீட்டில் அவன் நீல மாமாதான். பறப்பான், இரும்புக் கதவை உரிப்பான், கண்ணை மறைத்து ஒரு துணி கட்டியிருப்பான், முதுகில் நீல அங்கி. தம்பி முதல்முதலாக அட்டையைப் பார்த்தபோது, "யாரு இந்த மாமா?" என்று கேட்டான். அன்றிலிருந்து அதுவே பெயர். அவனை நாங்கள் 'அவன்' என்றும் பேசுவோம், 'மாமா' என்றும் பேசுவோம், அதில் எங்களுக்கு எந்தக் குழப்பமும் இருந்ததில்லை.

அப்போது நாங்கள் இதே ஊரில் பவானிபூரில் இருந்தோம். அப்பா ஒரு கம்பெனியில் கணக்கர், திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து வந்தவர். மாதம் ஒருமுறை தபாலில், பழுப்புத் தாள் சுற்றி, நூல் கட்டி, புத்தகம் வரும். மழைக்காலத்தில் வந்தால் ஓரம் ஊறியிருக்கும். வங்காளப் பிள்ளைகளுக்குத் துர்க்கா பூஜையின்போது பூஜோ மலர் என்று தடித்தடியாக வரும், அதில் அவர்களுடைய நாயகர்கள் இருப்பார்கள். எங்களுக்கு இந்த அறுபத்து நாலு பக்கம்தான். ஆனால் எங்கள் ஆள் பறப்பான், அவர்களுடைய ஆட்கள் பெரும்பாலும் யோசிப்பார்கள். அந்த ஒரு விஷயத்தில் நாங்கள் விட்டுக்கொடுத்ததே இல்லை.

என்னை அப்பா ஞாயிற்றுக்கிழமைகளில் உட்காரவைத்து அ, ஆ எழுதவைத்தார். தம்பிக்கு அந்த வயது வந்தபோது அப்பாவுக்கு ஞாயிறும் வேலை. அவன் வங்காளப் பள்ளிக்கூடத்தில் படித்தான். தமிழ் பேசுவான், எங்கள் அம்மாவைப் போலவே 'லே' போட்டுப் பேசுவான். ஆனால் ஒரு எழுத்து படிக்கத் தெரியாது. இன்றுவரை தெரியாது. அதனால் நீல மாமாவை நான்தான் அவனுக்குப் படித்துச் சொல்வேன். எனக்குப் பத்து வயது, அவனுக்கு ஐந்து. என் மடியில் புத்தகம், கையில் அவனுடைய சோற்றுக் கிண்ணம், எதிரில் வாயைப் பிளந்துகொண்டு அவன். அவன் கேட்டுவிட்டுத் தெருவுக்கு ஓடி, அதே கதையை வங்காளத்தில் தெருப்பிள்ளைகளுக்குச் சொல்வான். எங்கள் சந்தில் இருந்த அத்தனை பிள்ளைகளுக்கும் நீல மாமாவைத் தெரியும்.

நீல மாமாவைப் பற்றி மற்ற எதை மறந்தாலும் ஒன்றை மறக்க முடியாது. அவன் எந்த வில்லனைப் பிடித்தாலும், அடிப்பதற்கு முன்னால், "சாப்பிட்டாயா?" என்று கேட்பான். வில்லன் இல்லை என்று சொன்னால் சண்டை நிற்கும். அவன் பறந்துபோய் ஒரு பொட்டலம் வாங்கிக்கொண்டு வருவான். வில்லன் சாப்பிட்டு முடித்த பிறகுதான் அடி. பாதி வில்லன்கள் சாப்பிட்டு முடித்ததும் அழுதுவிடுவார்கள், அடியே தேவைப்படாது. உலகத்தில் எத்தனையோ பறக்கிறவர்கள் இருக்கிறார்கள், இப்படி ஒருவன் கிடையாது என்று நாங்கள் இருவரும் சத்தியம் செய்வோம்.

தம்பி அதோடு நிற்கவில்லை. அவன் இப்போது டாலிகஞ்சில் ஒரு சினிமா ஸ்டுடியோவில் புரொடக்ஷன் மேனேஜர். லைட்காரர், உடைக்காரர், வண்டிக்காரர் என்று நாளைக்குப் பத்துப் பேர் அவனிடம் சண்டைக்கு வருவார்கள். எவன் வந்து எகிறினாலும் இவன் முதலில் கேட்பது, "ஆகே போலோ, கேயேசோ?" முதலில் சொல், சாப்பிட்டாயா? அந்த ஸ்டுடியோவில் இது பிரசித்தம். ஒருமுறை வேலைநிறுத்தம் வரை போன தகராறு ஒன்று, கச்சோரியும் உருளைக்கிழங்குக் கறியுமாக முடிந்ததை நானே கண்ணால் பார்த்திருக்கிறேன். யாராவது இதை எங்கே கற்றாய் என்று கேட்டால் மார்பை நிமிர்த்திக்கொள்வான். "எங்க தமிழ்ல ஒரு ஹீரோ இருக்கான். அவன்கிட்ட" என்பான். அவனுக்கு ஊர் தெரியாது, எழுத்து தெரியாது. தமிழ் என்று அவன் பெருமையாகச் சொல்லிக்கொள்ள இருந்தது அந்த ஒன்றுதான்.

அப்படிப்பட்டவனிடம், அன்று ஆட்டோவிலிருந்தே போன் செய்தேன்.

"ஏல, மாமா வாராருலே!"

"எந்த மாமா?"

"எத்தனை மாமாலே இருக்கு நமக்கு?"

 ஷூட்டிங் நடக்கிற இடத்தில் அவன் போட்ட சத்தத்தில், பின்னால் யாரோ "சைலன்ஸ்!" என்று கத்தியது எனக்கே கேட்டது.

புதிய புத்தகத்துக்கு முன்பதிவு செய்தேன். இரண்டு பிரதி, அவனுக்கு ஒன்று, எனக்கு ஒன்று. படிக்கத் தெரியாதவனுக்கு எதற்குத் தனிப் பிரதி என்று கேட்டேன். அது என் பிரதி, நான் வைத்துப் பார்ப்பேன் என்றான். பார்சல் கிளம்பியது, வந்தது, ஹவுராவில் நின்றது. ஏனென்றால் அதற்குள் பூஜோ தொடங்கிவிட்டது. ஊரே புத்தாடை உடுத்திப் பந்தல் பந்தலாகச் சுற்றுகிறது, நான் கூரியர்காரருக்குப் போன் செய்துகொண்டிருக்கிறேன். "தீதி, தசமி முடியட்டும்" என்றார் அவர். துர்க்கையம்மன் எப்போது கிளம்புவாள் என்று அந்த வருஷம் ஆவலோடு காத்திருந்த ஒரே ஆள் நானாகத்தான் இருப்பேன். அஷ்டமி அன்று அம்மனுக்குப் புஷ்பாஞ்சலி செலுத்தும்போதுகூட பார்சல் எண்தான் மனதில் ஓடியது. அம்மன் மன்னிக்கட்டும்.

வந்தது. கெட்டி அட்டை, வழவழப்பான தாள், முழு வண்ணம். தம்பி மூன்று நிறுத்தம் தள்ளிக் குடியிருக்கிறான், இருபது நிமிஷத்தில் வந்துவிட்டான். சோபாவில் என் பக்கத்தில் ஒட்டி உட்கார்ந்துகொண்டான். நாற்பத்தெட்டு வயது, தலை முன்பக்கம் காலி, சட்டைப் பையில் மூக்குக்கண்ணாடி. "படி, படி" என்று என் முழங்கையை இடித்தான்.  அவ்வளவு சந்தோஷம்.

முதல் பன்னிரண்டு பக்கம் மழை. மாமா மழையில் நிற்கிறான். ஒரு கட்டடத்தின் உச்சியில் நிற்கிறான், இன்னொரு கட்டடத்தின் உச்சியில் நிற்கிறான். தோள் இரண்டும் மூட்டை மூட்டையாக வீங்கியிருக்கிறது. பதின்மூன்றாம் பக்கத்தில் வாயைத் திறக்கிறான். என்ன சொன்னான் என்று தம்பி ஆவலாகக் கேட்டான்.

"ம்" என்றேன்.

"என்ன, ம்?"

"அதான்லே சொல்லுதான். ம்."

அதே பக்கத்தில் ஒருவனைப் பிடித்தான். தம்பி நிமிர்ந்து உட்கார்ந்தான், நானும்தான். இதோ கேட்கப்போகிறான், இதோ. கேட்கவில்லை. அடித்தான். ஒரு முழுப் பக்கத்துக்கு அடித்தான், பல் தெறித்தது, தாளின் வழவழப்பில் ரத்தம் பளபளத்தது. அடுத்தவனைப் பிடித்தான், அடித்தான். கடைசிப் பக்கத்தில் மறுபடியும் மழை. தொண்ணூற்றாறு பக்கத்தில் ஒருவனிடமும் ஒரு வார்த்தை கேட்கவில்லை.

"ஒரு தடவைகூட சாப்பிட்டியான்னு கேக்கலியேக்கா" என்றான் தம்பி. அவன் முகம் பார்க்கச் சகிக்கவில்லை. என் வீட்டுக்கு வந்த விருந்தாளியை யாரோ வாசலில் வைத்து அவமானப்படுத்தி அனுப்பியதுபோல் எனக்கு ரத்தம் கொதித்தது.

எனக்குக் கோபம் வந்தால் நான் எழுதுவேன். வங்கியில் என் குறிப்புகளுக்குப் பயப்படாதவர்கள் இல்லை. அங்கேயே உட்கார்ந்து வாசகர் குழுவுக்கு ஒரு நீண்ட கடிதம் தட்டினேன். வண்ணம் இருக்கிறது, தாள் இருக்கிறது, தசை இருக்கிறது, ஆள் எங்கே ஐயா என்று கேட்டேன். பிடிபட்டவனிடம் சாப்பிட்டாயா என்று கேட்டவனை, 'ம்' என்று உறுமும் கசாப்புக்காரனாக ஆக்கிவிட்டீர்களே என்று கேட்டேன். பழைய கதைகளை ஒருமுறையாவது புரட்டிப் பார்த்தீர்களா என்று கேட்டேன். அந்தக் கேள்வி எனக்கே மிகவும் பிடித்திருந்தது. தம்பிக்கு வாசித்துக் காட்டிவிட்டு அனுப்பினேன். அவன் கைதட்டினான்.

பத்து நிமிஷத்தில் இதயக் குறிகளாக வந்து குவிந்தன. சரியாகச் சொன்னீர்கள் அம்மா, சவுக்கடி, இப்படிப் பல. அப்புறம் சேலத்துக்காரர் எழுதினார். குழுவில் அவர்தான் பெரிய சேகரிப்பாளர், நீல மாமாவின் எல்லா இதழ்களும் வைத்திருப்பவர், மிகவும் மரியாதையான மனிதர். "அம்மா, தவறாக நினைக்க வேண்டாம். புதிய கதை எனக்கும் பிடிக்கவில்லை. ஆனால் நீங்கள் சொல்லும் அந்த வசனம் எந்த இதழிலும் இல்லை. வேறு ஏதோ கதையோடு குழப்பிக்கொள்கிறீர்கள் என்று நினைக்கிறேன்."

குழப்பமா? எனக்கா? தம்பிக்கு அதைப் படித்துக் காட்டினேன். எழுந்து நின்றுவிட்டான்.

"நம்ம பெட்டி எங்க?"

"பரண்ல."

"நாயித்துக்கிழமை எறக்குதேன். படத்தோட அனுப்புவோம் அந்த ஆளுக்கு."

அந்த வாரம் முழுக்க எங்களுக்குத் தலைகால் புரியவில்லை. தினமும் இரண்டு முறை போன். எந்த இதழை முதலில் காட்டுவது என்று ஒரு விவாதம். அணைக்கட்டுக் கதைதான் என்று முடிவாயிற்று. திருடன் அணையின் உச்சிவரை ஓடி மாட்டிக்கொள்வான், மாமா அவன் சட்டையைப் பிடித்து அந்தரத்தில் தொங்கவிட்டுக் கேட்பான். திருடன், "மூணு நாளாச்சு" என்பான். மாமா அவனை அப்படியே தூக்கிக்கொண்டு போய் ஒரு சாப்பாட்டுக் கடை வாசலில் இறக்குவான். இதைத் தம்பி ஸ்டுடியோவில் நடித்தே காட்டியிருக்கிறான்.

ஞாயிறு காலை ஒன்பது மணிக்கு வந்தான். காலைச் சாப்பாடுகூட வேண்டாம், முதலில் பெட்டி என்றான். ஏணி போட்டு இறக்கினான். தகரப் பெட்டிதான், ஆனாலும் இந்த ஊர் ஈரத்துக்கு எது தப்பும்? பாதி இதழ்கள் ஒட்டிக்கொண்டிருந்தன, சிலவற்றைப் பூச்சி அரித்திருந்தது. பிழைத்தவை பத்தொன்பது. அதில் அணைக்கட்டும் இருந்தது. இருவரும் தரையிலேயே உட்கார்ந்துவிட்டோம். அவனுக்கு எழுத்து தெரியாதே தவிர, பக்கம் தெரியும். மடமடவென்று புரட்டி நேராக அந்தப் படத்தில் விரலை வைத்தான். அணை, தொங்கும் திருடன், மாமாவின் வாயிலிருந்து ஒரு பெரிய வசனக் கூடு. கைப்பேசியை எடுத்து என் முகத்துக்கு நேராகப் பிடித்தான்.

"வீடியோ எடுக்கேன். சத்தமாப் படி. விரலை வச்சுக் காட்டிப் படி."

நான் கண்ணாடியைச் சரிசெய்துகொண்டு பார்த்தேன். அதில் இருந்தது இதுதான்: 'அயோக்கியனே! உன் ஆட்டம் முடிந்தது. மரியாதையாகச் சரணடைந்துவிடு!'

முதலில் பக்கம் மாறிவிட்டது என்று நினைத்தேன். மாறவில்லை. அடுத்த கட்டத்தில் திருடன், 'ஐயோ! என்னை விட்டுவிடு!' என்கிறான். அதற்கடுத்த கட்டத்தில் மாமா அவனைத் தூக்கிக்கொண்டு பறக்கிறான், போய் இறக்குவது போலீஸ் ஸ்டேஷன் வாசலில். பலகையில் எழுதியே இருக்கிறது. இன்னொரு இதழை இழுத்துப் பிரித்தேன். 'ஒழிந்தாய்!' என்கிறான். இன்னொன்று. 'இதோ என் பரிசு!' என்று குத்துகிறான். சேலத்துக்காரர் சொன்னது சரி.

அப்போதுதான் அந்தப் பக்கத்தின் ஓரத்தில் மஞ்சளாக ஒரு விரல் தடம் பார்த்தேன். சாம்பார்க் கறை. பக்கத்துக்குப் பக்கம் இருந்தது, ஒவ்வொரு சண்டைப் பக்கத்திலும் இருந்தது. என் விரல்தான். எனக்கு எல்லாம் ஞாபகம் வந்துவிட்டது. தம்பி ஐந்து வயதில் சோறு என்றாலே வாயை இறுக்கிக்கொள்வான். கிண்ணம் காலியானால்தான் உனக்கும் புத்தகம் என்று அம்மா என்னிடம் ஒப்படைத்துவிட்டுப் போய்விடுவாள். கதை சூடு பிடிக்கும் இடத்தில் இவன் மெல்லுவதை நிறுத்திவிடுவான். ஒரு நாள் ஆத்திரத்தில் நானே மாமாவின் குரலில், "சாப்பிட்டாயா?" என்று அதட்டினேன். இவன் மிரண்டுபோய் லபக்கென்று விழுங்கினான். அடுத்த சண்டைக்கும் கேட்டேன், விழுங்கினான். மாதாமாதம், சண்டைக்குச் சண்டை கேட்டேன். திருடன் மூன்று நாள் பட்டினி, பொட்டலம், அழுகை, எல்லாம் நான் கட்டியது. கட்டியவளுக்கே அது கட்டியது என்று மறந்துபோய்விட்டது.

"படி அக்கா. ஓடுது" என்றான் தம்பி, கைப்பேசியை ஆட்டி.

 அவனுக்குப் படிக்கத் தெரியாது. வீடியோ சரியாக வரவில்லை, பக்கம் கிழிந்திருக்கிறது என்று எதையாவது சொல்லிப் பெட்டியை மூடிவிடலாம். சேலத்துக்காரரிடம் நான் தனியாக மன்னிப்புக் கேட்டுக்கொள்ளலாம். இவன் நாளைக்கு ஸ்டுடியோவுக்குப் போய் வழக்கம்போல எங்க தமிழ் ஹீரோ என்று சொல்லிக்கொண்டிருக்கலாம். அவனிடம் தமிழ் என்று இருக்கும் அந்த ஒன்றையும் பிடுங்கிக்கொள்ள எனக்கு மனசு வரவில்லை. ஆனால் விரலை வைத்துப் படி என்றானே, இத்தனை வருஷமும் என் விரலை நம்பித்தானே கேட்டான். படித்தேன். விரல் வைத்து, சத்தமாக, ஒரு எழுத்து விடாமல்.

அவன் கைப்பேசியைத் தாழ்த்தினான்.

"தப்பாப் படிக்கே."

"இல்லலே. இன்னைக்குத்தான் சரியாப் படிக்கேன்."

அவனுக்குப் புரியக் கொஞ்ச நேரம் ஆனது. புரிந்ததும் ஒவ்வொன்றாகக் கேட்க ஆரம்பித்தான், வங்கித் தணிக்கைக்காரர்கூட அப்படிக் கேட்கமாட்டார்.

"மூணு நாளாச்சுன்னு திருடன் சொன்னது?"

"நாந்தான்."

"சாப்பாட்டுக் கடை?"

"அது போலீஸ் ஸ்டேஷன்லே."

"பொட்டலம்?"

"நாந்தான்."

"அந்தக் கண்ணாடி போட்ட வில்லன் அழுதானே? அது படத்துலயே இருக்கு, நான் பாத்திருக்கேன்."

"அழுதான். அடி தாங்காம அழுதான்."

அவன் எழுந்து ஜன்னல் பக்கம் போய்விட்டான். முதுகைக் காட்டிக்கொண்டு நின்றான். "முப்பது வருஷமா ஊருக்கெல்லாம் சொல்லிட்டு இருக்கேன்க்கா" என்றான்.   பத்து வயதில் செய்ததற்கு ஐம்பத்து மூன்று வயதில் மன்னிப்புக் கேட்டேன். அவன் திரும்பவில்லை. 

அந்த நேரம் பார்த்து அவன் கையிலிருந்த கைப்பேசி அலறியது. ஸ்டுடியோ. உடைக்காரர் என்று நினைக்கிறேன், இங்கே தரையில் உட்கார்ந்திருந்த எனக்கே அவர் கத்துவது கேட்டது. யாரோ எதையோ கேட்காமல் எடுத்துக்கொண்டு போய்விட்டார்களாம், இவர் வேலையை விட்டே போகப்போகிறாராம். தம்பி கண்ணைத் துடைத்துக்கொண்டே, வங்காளத்தில் அண்ணன் முறை வைத்து, "தாதா, தாதா, ஆகே போலோ, கேயேசோ?" என்றான்.

சொல்லிவிட்டு அப்படியே நின்றான். அந்தப் பக்கத்துக் கத்தல் தணிந்து ஒரு முனகலாயிற்று. சாப்பிடவில்லை போலிருக்கிறது. முதலில் சாப்பிடுங்கள், அரை மணியில் நான் கூப்பிடுகிறேன் என்று சொல்லிவிட்டு வைத்தான். மெதுவாகத் திரும்பி என்னைப் பார்த்தான். கோபமா சிரிப்பா என்று அவனுக்கே தெரியாத ஒரு முகம்.

"அந்த வீடியோவ வெட்டாம சேலத்துக்காரருக்கு அனுப்பு" என்றான். அவன் கைப்பேசியிலிருந்து வாங்கி அனுப்பினேன், கீழே மன்னிப்பும் எழுதினேன்.

அதற்குள் அவன் அலமாரியிலிருந்து அந்தப் புதிய கெட்டி அட்டைப் புத்தகத்தை எடுத்து வந்து என் மடியில் போட்டான். பக்கத்தில் ஒட்டி உட்கார்ந்தான்.

"படி."

"படிச்சாச்சேலே."

"அன்னைக்குச் சரியாப் படிச்சே. இப்போ ஒழுங்காப் படி."

பதின்மூன்றாம் பக்கத்தைத் திறந்தேன். மழை கொட்டுகிறது. மூட்டைத் தோளுக்காரன் ஒருவனைச் சட்டையைப் பிடித்துத் தூக்கி வைத்திருக்கிறான், மறு கையை ஓங்கியிருக்கிறான். வசனக் கூட்டில் ஒரே ஓர் எழுத்து. அதன்மேல் விரலை வைத்து, மாமாவின் குரலில், நாற்பது வருஷத்துக்குப் பிறகு கேட்டேன்.

"சாப்பிட்டாயா?"

தம்பி அந்த வில்லனுக்காகப் பதில் சொன்னான். "இல்ல மாமா. காலையிலேர்ந்து இல்ல."

அது அவனுக்கும் உண்மைதான். நான் புத்தகத்தைக் கவிழ்த்து வைத்துவிட்டு இட்லி எடுக்கப் போனேன்.